கரண்டின் மேல் போட்ட பழி

குத்தாலம் கடைத்தெருவில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையுமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். சிட்டா, அடங்கல், வாரிசுச் சான்று, பயிர்க் காப்பீடு என்று காலையிலிருந்தே ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு அடங்கிவிடும். அந்த நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் நான் வீடியோ கேம் ஆடுவேன் என்பது முதலில் என் கணவருக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தாய், கையில் கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருப்பதை ஊர் பார்த்தால் சிரிக்கத்தான் செய்யும். எனக்கே சில நாள் சிரிப்பு வரும்.

ஆட ஆரம்பித்ததே அண்ணனால்தான். அவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. போன வருஷம் புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தவன், நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"பாப்பா, நம்ம கேம் திரும்ப வந்துருக்கு! படமெல்லாம் புதுசா மாத்தி, கம்ப்யூட்டர்ல ஆடுற மாதிரி விட்டுருக்கான்."

எந்த கேம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு கேம்தான்.

நான் ஒன்பதாவது போகவிருந்த கோடை விடுமுறையில், சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா, தன் பிள்ளைகள் ஆடி அலுத்த கேம் பெட்டியை எங்களுக்குக் கொடுத்தார். அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பெட்டியோடு வந்த சிடிகளில் ஒன்று கார் பந்தயம், ஒன்று கிரிக்கெட். மூன்றாவதுதான் இது. நான்கு வழிப்போக்கர்கள் ஊர் ஊராக நடந்து ஒரு கோட்டைக்குப் போகும் கதை. எதிர்ப்படும் ஆட்களோடு பேசவேண்டும், சண்டை வந்தால் போடவேண்டும், சண்டை போடப் போடப் பலம் கூடும். பேச்சு முழுக்க இங்கிலீஷ். அண்ணனுக்கு விரல் வேகம் உண்டு, இங்கிலீஷ் வராது. எனக்கு அகராதி வைத்துப் படிக்க முடியும், சண்டை வந்தால் விரல் நடுங்கும். அதனால் நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவன் சண்டை போடுவான். எந்த வழியில் போவது, யாரை நம்புவது என்பதெல்லாம் என் பொறுப்பு. தனித்தனியாக எங்களால் பத்து நிமிஷம்கூடத் தாக்குப் பிடித்திருக்க முடியாது.

இப்போது வரும் கேம்கள் தானாகவே சேவ் ஆகிவிடுகின்றன. நாம் தோற்றாலும், தோற்றதற்கு ஒரு நிமிஷம் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். அந்தக் கேமில் அப்படிக் கிடையாது. வழியில் அங்கங்கே தங்கும் விடுதிகள் வரும். நான் அவற்றுக்குச் சத்திரம் என்று பெயர் வைத்திருந்தேன். சத்திரத்தில் மட்டும்தான் சேவ் செய்ய முடியும். ஒரு சத்திரத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் தோற்றுவிட்டால், இடையில் செய்ததெல்லாம் வீண். பழைய சத்திரத்திலிருந்து மறுபடியும் நடக்கவேண்டும். அதோடு, மெமரி கார்டில் அண்ணனின் கிரிக்கெட் போட்டிகள் நிறைந்துவிட்டதால், எங்கள் பயணத்துக்கு ஒரே ஒரு சேவுக்குத்தான் இடம் மிச்சம். புதிதாகச் சேவ் செய்தால் பழையது அழியும். அதனால் கேம் இரண்டு தடவை கேட்கும். பழையதின் மேல் எழுதவா? நிச்சயமாக எழுதவா? இரண்டு தடவையும் நான் தமிழில் வாசிப்பேன், இரண்டு தடவையும் நாங்கள் சேர்ந்து "ஆம்" என்று சொன்ன பிறகுதான் அண்ணன் பட்டனை அழுத்துவான். அது எங்கள் வழக்கம்.

ஆடி மாதம் வந்தபோது கடைசிச் சத்திரத்தில் இருந்தோம். அதைத் தாண்டினால் கோட்டை, கோட்டை வாசலில் ஒரு காவல்காரன். அவனைத்தான் ஜெயிக்க முடியவில்லை. சத்திரத்திலிருந்து அவனிடம் போய்ச் சேரவே அரைமணி நேரம் ஆகும். போன கொஞ்ச நேரத்தில் நால்வரையும் சாய்த்துவிடுவான். மறுபடி சத்திரம், மறுபடி நடை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அதுதான் எங்கள் வேலை. தோற்றுத் தோற்று அந்தக் காவல்காரன் எங்கள் வீட்டு ஆள் மாதிரியே ஆகிவிட்டான். வயலுக்குத் தண்ணீர் வராத நாளில் அப்பா முகம் கடுகடுவென்றிருந்தால், "இன்னிக்கு வாசல்ல நிக்கிறது காவல்காரன்" என்று அண்ணன் என் காதில் சொல்வான்.

அப்போது நாகூர் கந்தூரி விழா வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது அம்மா தர்காவுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அம்மா, அப்பா, நான் மூவரும் போனோம். டியூஷன் இருந்ததால் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டான். நாகப்பட்டினத்தில் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினோம். அங்கே இருந்தபோதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. காவல்காரனை அடிப்பதை விட்டுவிட்டு, முதலில் அவன் கேடயத்தை உடைத்தால் என்ன? பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். டிவி அணைந்திருந்தது.

"கரண்டு போயிடுச்சு பாப்பா," என்றான். "ஆடிட்டு இருக்கும்போதே போயிடுச்சு. திரும்ப வந்து போட்டா, சேவ் அழிஞ்சு போச்சு."

நான் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். கடைசிச் சத்திரம் இல்லை. அங்கே இருந்தது முதல் சத்திரம். பலம் எதுவும் ஏறாத, கந்தல் சட்டை போட்ட ஒரே ஒரு ஆள், மற்ற மூவரும் இன்னும் வந்து சேரவில்லை.

"முதல் சத்திரம் இருக்கே?"

"கரண்டு போனா அது முதல்லேருந்து ஆரம்பிச்சிடும் போல."

கொல்லைப்பக்கம் போய் அழுதேன். திரும்பி வந்தபோது அண்ணன் அதே இடத்தில், தலையைக் குனிந்தபடி இருந்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை. அதைப் பார்த்ததும் என் வருத்தம் சின்னதாகிவிட்டது. நாகூரில் வாங்கி வந்த அல்வாவில் என் பங்கையும் அவனிடம் கொடுத்து, "நீ என்ன பண்ணுவ, கரண்டு போனா? நாம முதல்லேருந்து ஆடலாம்ண்ணே, எனக்கு ஒரு வழி தோணியிருக்கு" என்றேன். அவன் வாங்கிச் சாப்பிட்டான். "எனக்கு மனசு விட்டுப்போச்சு பாப்பா. இனிமே வேணாம்" என்றான். நான் வற்புறுத்தவில்லை. அவனுக்கு என்னைவிட வலித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நாங்கள் அதை ஆடவே இல்லை. பெட்டி கொஞ்ச நாளில் பழுதாகிப் பரணுக்குப் போனது.

வருஷம் போகப் போக அது எங்கள் வீட்டுக் கதை ஆனது. வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் அண்ணன் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டான். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குச் சோறு போட்டுக்கொண்டே, "மச்சான், ஒங்க பொண்டாட்டி ஒரு கோட்டைக்கே ராணியா ஆகவேண்டியவ. கரண்டுக்காரன் கெடுத்துட்டான்" என்றான். பந்தியே சிரித்தது. நானும்தான்.

இப்படி ஒரு கேம் திரும்ப வந்திருக்கிறது என்றால் வாங்காமல் இருப்போமா? அண்ணனே வாங்கி அனுப்பினான். ஆரம்பத்திலேயே அது கேட்டது: எளிய முறையா, பழைய முறையா? எளிய முறையில் எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யலாம், எதிரிகளும் அவ்வளவு பொல்லாதவர்கள் இல்லை. பழைய முறையில் எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே. சத்திரத்தில் மட்டும் சேவ், அதுவும் எங்கள் கார்டில் இருந்த மாதிரி ஒன்றே ஒன்று. எனக்குக் கடையும் வீடும் இருக்கிறது, எளிய முறையே போதும் என்று நினைத்தேன். அண்ணன்தான் விடவில்லை.

"பழைய முறைலதான் ஆடணும். இல்லன்னா அது ஏமாத்து வேல பாப்பா. ஜெயிச்சதுக்கு அர்த்தமே இல்ல."

வெள்ளிக்கிழமை மதியங்களில் நான் ஆடுவேன், திரையை அவன் போனில் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது விரலும் என்னுடையது, வாசிப்பதும் நான்தான். அவன் வெறுமனே கூட வந்தான். ஆனாலும் சத்திரம் வந்ததும் இரண்டு தடவையும் அங்கிருந்து அவன் "ஆம்" என்பான், இங்கிருந்து நான் "ஆம்" என்பேன். முடிக்கும்போதெல்லாம் ஒன்று கேட்பான். "கடைசில என்னதான் ஆவும் பாப்பா? இத்தனை வருஷமா அது மட்டும் தெரியாமலே போச்சு." கேட்கும்போது அவன் குரலில் இருந்த ஆசை எனக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சம்பா நடவு முடிந்து, காப்பீடு கட்ட வருகிறவர்களால் கடை நிறைந்திருந்தது. ஒரு நாள் மதியம் கூட்டம் ஓய்ந்திருந்த நேரத்தில், அடுத்த வெள்ளிக்குள் கொஞ்சம் பலம் ஏற்றி வைக்கலாமே என்று தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்பார்மர் பக்கம் டமார் என்று ஒரு சத்தம். யூபிஎஸ் பழசு, இரண்டு தடவை கீச்சிட்டுவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. திரை கறுத்தது.

எல்லாம் போச்சு, மறுபடியும் முதல் சத்திரம், என்றே நினைத்தேன். கரண்ட் வரும்வரை கடை வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் திறந்தேன்.

எதுவும் போகவில்லை. கடைசியாகச் சேவ் செய்த சத்திரம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நடந்த நடை மட்டும்தான் வீண்.

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பழைய பெட்டி வேறு, இந்தக் கம்ப்யூட்டர் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருந்தால் கார்டு கெட்டிருக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் என் பிழைப்பே ஃபைல்களோடுதான். பாதியில் நின்றுபோன ஃபைல் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கெட்டுப்போன ஃபைல் திறக்காது, அவ்வளவுதான். அது வேறு ஒருவருடைய விண்ணப்பமாக மாறி நிற்காது. அன்றைக்கு எங்கள் கார்டு கெட்டிருக்கவில்லை. அதில் நல்லபடியாக ஒரு சேவ் இருந்தது. முதல் சத்திரத்து சேவ். புரட்டாசியில் நானே நடந்து பார்த்த வழி அது. கதை ஆரம்பித்து முதல் சத்திரத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். யாரோ உட்கார்ந்து, அவ்வளவு நேரம் ஆடி, சத்திரத்துக்குப் போய், கேம் கேட்ட கேள்விக்கு ஆம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தடவை.

வீட்டில் அன்றைக்கு அண்ணனைத் தவிர யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருந்தேன். அவன் கூப்பிட்டதும் திரையைக் காட்டவில்லை.

"அண்ணே, ஒன்னு கேக்குறேன். கரண்டு போனா சேவ் அழியாது, தெரியுமா?"

"அது புது கேம் பாப்பா."

"எல்லாம் பழையபடியே வச்சிருக்கான்னு நீதான சொன்ன? சரி, அழிஞ்சுதுன்னே வச்சுக்குவோம். முதல் சத்திரத்துல ஒரு சேவ் இருந்துச்சே, அது எப்படி வந்துச்சு? கரண்டு எழுந்து நடந்து போயி சேவ் பண்ணுச்சா?"

அண்ணன் சிரித்தான். "ஏய், இத்தனை வருஷம் கழிச்சு சிஐடி வேலை பாக்குறியா நீ?"

நான் சிரிக்கவில்லை என்பது அவனுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பிறகு சொன்னான். நாங்கள் நாகூருக்குப் பஸ் ஏறிய அன்றே, அவன் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்திருக்கிறான். மயிலாடுதுறையில் கேம் கடைக்குப் போய் ஆடிப் பழகியவன். காவல்காரனைப் பற்றி அண்ணன் பெருமையாகச் சொல்ல, குடு பாக்கலாம் என்று கன்ட்ரோலரை வாங்கியிருக்கிறான்.

"ரெண்டாவது தடவையிலேயே சாச்சுட்டான் பாப்பா. மொதல்ல கேடயத்த ஒடைக்கணுமாம். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கோட்டைக்குள்ள போயி, முடிவு வரைக்கும் அவனே ஆடிட்டான். முடிஞ்சதும் சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு, அவனே அழுத்திட்டான். சேவுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு படகுப் படம் வந்து ஒக்காந்துடுச்சு, முடிச்சதுக்கு அடையாளமா. நீ வந்து பாத்தா ஒடனே தெரிஞ்சிடும்."

"அதனால?"

"அவன் போனப்புறம் முதல்லேருந்து ஆரம்பிச்சு, முதல் சத்திரம் போயி, மேல எழுதிட்டேன்."

"ரெண்டு தடவையும் ஆம்னு சொன்னியா?"

"சொன்னாத்தான எழுதும்."

கடை வாசலில் யாரோ குடையை மடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வாங்க என்று கையைக் காட்டினேன்.

"சரி. கடைசில என்ன ஆச்சு?"

"எதுல?"

"கேம்லண்ணே. கோட்டைக்குள்ள. நீ பாத்தியே."

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் என்பது எனக்குத் தெரிந்தது. மூச்சு விடுவது கேட்டது.

"ஞாபகம் இல்ல பாப்பா. சத்தியமா இல்ல. நான் ஒழுங்கா பாக்கவே இல்ல போல. நீ வந்தா என்ன சொல்றதுன்னுதான் நெனப்பு ஓடிட்டு இருந்துச்சு."

போனை வைத்துவிட்டேன்.

பதினாறு வயதுப் பையன் செய்தது அது. அதை மன்னிக்க எனக்கு ஒரு மதியம் போதும். ஆனால் அன்றைக்கு அவன் என் பங்கு அல்வாவையும் வாங்கிச் சாப்பிட்டானே, அதுதான் ஆறவில்லை. அவன் குனிந்து உட்கார்ந்திருந்ததை நான் துக்கம் என்று நினைத்தேன், மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அது. என் கல்யாணப் பந்தியில் அவன் சொல்ல நான் சிரித்தது நினைவுக்கு வந்தது. புரட்டாசியிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் "கடைசில என்னதான் ஆவும்" என்று கேட்டானே, அதுவும். அந்த ஆசை பொய்யா, நிஜமா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. மறந்துபோனவனுக்கு ஆசை நிஜமாகவே வரலாம். அது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். வீட்டுக்குப் போனபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் செய்ததைச் சொன்னேன். யாராவது ஒருவர் என் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது.

"அதுவா," என்றாள் அம்மா, கீரையிலிருந்து கையை எடுக்காமல். "அவன்தான் அன்னிக்கே அத்தை வீட்டுக்குப் போன் போட்டு எங்கிட்ட சொல்லிட்டானே. அந்தப் பய வந்து ஆடுனான், இவன் அழிச்சுட்டான்னு."

"ஒனக்குத் தெரியுமா?"

"கரண்டு போச்சுன்னு சொல்லச் சொன்னதே நான்தான். நீ தாம்தூம்னு குதிப்பன்னு பயந்துகிட்டு இருந்தான். கரண்டு மேல போட்டா யாரு மேலயும் கோவம் வராதுல்ல? அண்ணன் தங்கச்சிக்குள்ள எதுக்கு வீண் சண்டை?"

"என் கல்யாணத்துல எல்லாரும் சிரிச்சாங்களேம்மா."

"அதுக்கென்ன, சந்தோஷமாத்தான இருந்துச்சு? ஒரு வெளையாட்டுச் சாமானுக்கு இவ்ளோ பேச்சா? அந்தத் தட்ட எடு."

தட்டை எடுத்துக் கொடுத்தேன். கரண்ட் என்ற வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவள், அன்றைக்குக் கொல்லைப்பக்கம் வந்து என் கண்ணையும் துடைத்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் வெள்ளிக்கிழமைகளில் "இன்னிக்கு ஆடலியா?" என்று கேட்டுச் செய்தி அனுப்புவான். காப்பீட்டுக்குக் கடைசித் தேதி, கூட்டம் அதிகம் என்று பதில் போடுவேன். அதில் பாதி உண்மை. கூட்டம் இல்லாத மதியங்களில் தனியாக ஆடினேன். கடைசிச் சத்திரத்துக்கு வந்துசேர்ந்தேன். காவல்காரன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கேடயத்தை உடைத்தால் போதும் என்று தெரிந்தும் என் விரலுக்கு அது வசப்படவில்லை. ஒவ்வொரு முறை தோற்றபோதும், எளிய முறைக்கு மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேம் மரியாதையாகக் கேட்டது. வேண்டாம் என்றேன். வீம்புதான், வேறொன்றும் இல்லை. அவனைச் சாய்க்க நான் பட்ட பாட்டில், ஒரு வாரம் என் கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது.

மார்கழியில் ஒரு மதியம், அவன் பலம் கால்வாசிக்கும் கீழே வந்துவிட்ட நேரத்தில், வயதான விவசாயி ஒருவர் சிட்டா எடுக்க வந்து நின்றார்.

"கொஞ்சம் உக்காருங்கய்யா. சர்வர் வேலை செய்யல," என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். காவல்காரன் விழுந்தான். கோட்டைக் கதவு திறந்தது. உள்ளே இன்னும் ஒரு பெரிய சண்டை இருக்கும் என்று இத்தனை வருஷமும் எதிர்பார்த்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வெறும் முற்றம், பின்பக்கம் ஒரு படித்துறை, ஒரு படகு. நால்வரும் ஏறிக்கொண்டார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. படகு போகப் போகக் கரை சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு கேமைச் செய்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே போயின.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் பெரியவர்.

"முடிஞ்சுதுங்கய்யா."

"நல்லாருந்துச்சு. சர்வர் வந்துடுச்சான்னு பாருங்க."

அவர் சர்வே எண்ணைக் கேட்டு சிட்டாவை எடுத்துக் கொடுத்தேன். மழைத்தண்ணி வடியலேன்னா பயிர் அழுகிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழும்படி அந்த முடிவில் எதுவும் இல்லை. பக்கத்தில் அண்ணன் இருந்திருந்தால், "இவ்ளோதானா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லியிருப்போம்.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். அம்மாவுக்குப் புடவை, என் மகளுக்குச் சாக்லேட், எனக்கு ஒரு புது கன்ட்ரோலர். மறுநாள் மதியம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"வா பாப்பா, இன்னிக்கு முடிச்சுடலாம். நான் சண்டை போடுறேன், நீ படி."

"முடிச்சாச்சுண்ணே."

அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். கம்ப்யூட்டரைத் திருப்பி, சேவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த படகுப் படத்தைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம்ல?" என்றான்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது. கன்ட்ரோலர் பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "கடைசில என்ன ஆவுது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நீ பாத்ததுதான்," என்றேன்.

அவன் எழுந்து போய் டீ வாங்கி வந்தான், இரண்டு பேரும் குடித்தோம். அறுவடை மிஷின் எப்போது வரும், இந்த வருஷம் நெல் ஈரம் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தோம். மாட்டுப்பொங்கல் முடிந்து அவன் கிளம்பிப் போனான்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போன் செய்கிறான். அம்மாவின் முழங்கால் வலி, ஆற்றில் தண்ணீர், மகளின் பரீட்சை என்று பேசுகிறோம். போன மாதம் அவன் ஏதோ சொல்லும்போது, அங்கே கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டதாகச் சொன்னான். சொன்னதும் இருவருமே சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விட்டோம். போனை வைத்ததும் அம்மா கேட்டாள், "என்ன, ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டீங்கதான?"

"சண்டையே போடலியேம்மா," என்றேன். அம்மாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.